புதிய எஞ்சினும் பழைய வண்டியும்: வெப்பக் கணக்கும் மின் கணக்கும்

புது தில்லியில் கன்னாட் பிளேஸுக்கு மேற்கே உள்ள கோல் மார்க்கெட், 1921-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பன்னிரு பக்கக் கட்டடம். ‘கோல்’ என்னும் இந்திச் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். பெயருக்கேற்ப அதைச் சுற்றிச் சாலைகள் வந்து கூடுகின்றன. அலுவலகம் விடும் வேளையில் இவ்விடத்தில் மோட்டார் வண்டிகள் ஊர்வதும் நிற்பதுமாகவே நகரும். மே, ஜூன் மாதங்களில் தில்லியின் வெயில் 45 பாகை செல்சியஸை எட்டுவது அரிதன்று. இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கேயுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1944-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் 47.2 பாகை பதிவாயிற்று. மோட்டார் எஞ்சினைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் வேண்டியதில்லை.

பாடத்துக்காக ஒரு வண்டியைக் கற்பனை செய்து கொள்ளலாம். அது இருவர் அமரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்த 1489 கன செண்டிமீட்டர் எஞ்சின் நீக்கப்பட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த 1798 கன செண்டிமீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டுள்ளது. உடையவர் அதில் குளிர்சாதனமும் இரு மின் விசிறிகளும் சேர்த்துள்ளார். ரேடியேட்டரும் டைனமோவும் கம்பிகளும் பழையனவே. திறந்த சாலையில் வண்டி இனிதாக ஓடுகிறது. மே மாதப் பிற்பகலில் கோல் மார்க்கெட் வட்டத்தில் அரை மணி நேரம் ஊர்ந்ததும் வெப்பமானியின் முள் ஏறுகிறது, விசிறியின் ஒலி தளர்கிறது, பானெட்டின் இடுக்குகளில் நீராவி எழுகிறது. உடையவர் எஞ்சினை நிறுத்துகிறார். சற்று ஆறியபின் மீண்டும் கிளப்ப முயன்றால் ஸ்டார்ட்டர் சுழலவில்லை. குளிர்ச்சியும் போயிற்று, மின்சாரமும் போயிற்று. இவை இரண்டு பழுதுகளா, ஒரே பழுதா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

1. எஞ்சின் மாற்றம் புதியதன்று

எஞ்சினை மாற்றிப் பொருத்தும் வழக்கம் தில்லிக்குப் பழக்கமானதே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் முன்பகுதியோடு பயணிகள் அமரும் பெட்டியை இணைத்து, ‘பட்பட்டி’ எனப்பட்ட மூன்று சக்கர வண்டிகள் இந்நகரில் நெடுங்காலம் ஓடின. ஒரு மனிதனுக்காக அமைந்த காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் பலரைச் சுமந்து ஊர்ந்தது. பிற்காலத்தில் பலவற்றில் டீசல் எஞ்சின்கள் இடம் பெற்றன. காற்று மாசைத் தடுக்கும் நடவடிக்கைகளின் விளைவாக அவ்வண்டிகள் 1998-இல் சாலையினின்று நீக்கப்பட்டன.

மற்றோர் எடுத்துக்காட்டு தொழிற்சாலையிலேயே நிகழ்ந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடிப்படையாகக் கொண்டு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசடர், நெடுங்காலம் 1489 கன செண்டிமீட்டர் எஞ்சினோடு வந்தது. இது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இவ்வரிசை எஞ்சினே இருந்தது. அரசு அதிகாரியின் வண்டியும் பந்தயப் பிரியரின் வண்டியும் ஒரே குடும்பத்து இதயத்தைக் கொண்டிருந்தன. 1992-இல் அம்பாசடரில் ஜப்பானிய இசுசு நிறுவன வடிவமைப்பின்படி அமைந்த 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் புகுத்தப்பட்டன. வெளியுருவம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. 2014-இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றது.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் இருவேறு படிப்பினைகள் உள. 1964-இல் பிரிட்டனின் ரூட்ஸ் நிறுவனம், நான்கு சிலிண்டர் கொண்ட சன்பீம் ஆல்பைன் காரில் போர்டு நிறுவனத்தின் 260 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சினை இருத்தி, ‘டைகர்’ என்னும் பெயரில் விற்றது. திறன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று, எஞ்சின் அறையோ பெரிதாகவில்லை. பின்புறத்து ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்ற, ஓட்டுநர் பகுதியின் தடுப்புச் சுவரில் துளையிட்டு ரப்பர் அடைப்பு வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் காற்று உள்ளே வந்தாலும் வெளியேற வழியில்லை. அவ்வண்டி சூடேறுவதற்குப் பெயர் பெற்றதில் வியப்பில்லை.

1973 முதல் 1976 வரை எம்.ஜி. நிறுவனம் தனது ‘பி’ மாதிரி மூடிய ஸ்போர்ட்ஸ் காரில் ரோவர் நிறுவனத்தின் மூன்றரை லிட்டர் எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சினைப் பொருத்தியது. அங்கே ரேடியேட்டரை முன்னே தள்ளி அமைத்தனர். எஞ்சினோடு சுழலும் விசிறிக்கு மாறாக, வெப்பநிலை கண்டு தானே இயங்கும் இரு மின் விசிறிகளை வைத்தனர். எஞ்சினை மாற்றுகிறவன் எஞ்சினை மட்டும் மாற்றுவதில்லை என்பதை அறிந்து செய்த வேலை அது.

2. வெப்பக் கணக்கு

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ சுழல்தண்டுக்குச் செல்லும். ஏறத்தாழ அதே அளவு குளிர்நீருக்குச் செல்லும். எஞ்சியது புகையோடும் எஞ்சினின் மேற்பரப்பிலிருந்தும் வெளியேறும். ஆகவே, முழுத் திறனில் ஓடும் எஞ்சின் எத்தனைக் கிலோவாட் வேலை செய்கிறதோ, ஏறத்தாழ அத்தனைக் கிலோவாட் வெப்பத்தை ரேடியேட்டர் அகற்ற வேண்டும் என்பதை நடைமுறை விதியாகக் கொள்ளலாம்.

எம்.ஜி.ஏ.வின் 1489 எஞ்சின் ஏறத்தாழ 72 குதிரைத்திறன், அதாவது 54 கிலோவாட் தரும். பின்னர் வந்த 1798 எஞ்சின் ஏறத்தாழ 95 குதிரைத்திறன், அதாவது 71 கிலோவாட் தரும். ரேடியேட்டரின் சுமை மூன்றில் ஒரு பங்கு மிகுகிறது.

இவ்வெப்பத்தைச் சுமப்பது நீர். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.19 கிலோஜூல் வேண்டும். எஞ்சினுள் புகும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் 8 பாகை வேறுபாடு இருக்க வேண்டுமெனில், 54 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 97 லிட்டர் நீரும், 71 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 127 லிட்டர் நீரும் ஓட வேண்டும். பழைய ரேடியேட்டரின் குழாய்களில் பல ஆண்டு உப்புப் படிந்து வழி குறுகியிருப்பின் இவ்வோட்டம் கிட்டாது.

இனி, காற்றின் பங்கைக் காணலாம். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 95 பாகையில் இருப்பதாகக் கொள்வோர், இங்கிலாந்தின் 20 பாகைக் காற்றில் 75 பாகை வேறுபாட்டைப் பெறுவர். தில்லியின் 45 பாகைக் காற்றில் அவ்வேறுபாடு 50 பாகையே. அதே ரேடியேட்டர், அதே விசிறி, அதே காற்றோட்டம். எனினும் அது செய்யும் வேலை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. குளிர்சாதனத்தின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னே நின்று காற்றை மேலும் 10 பாகை சூடேற்றினால், வேறுபாடு 40 பாகையாகும். அப்போது ரேடியேட்டரின் வலிமை முதலில் இருந்ததில் பாதியைச் சற்றே மிஞ்சும்.

வெப்பச் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடியது. ரேடியேட்டரின் வலிமை ஏறத்தாழப் பாதியாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், முன்னைய நிலைமையை அப்படியே காக்க ஏறத்தாழ இரண்டரை மடங்கு குளிர்விக்கும் திறன் வேண்டும். முழுத் திறனில் ஓடும் நேரம் நகரத்தில் குறைவு என்பதும், பழைய ரேடியேட்டரில் ஓரளவு உபரித் திறன் இருந்திருக்கலாம் என்பதும் உண்மை. ஆயினும், ‘இங்கிலாந்தில் போதுமாக இருந்தது, இங்கும் போதும்’ என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

3. நிற்கும் வண்டி

ஓடும் வண்டிக்குக் காற்று தானே வந்து சேரும். நிற்கும் வண்டிக்கு விசிறியே கதி. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த பழைய விசிறி, எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும்போது தள்ளும் காற்றில் மூன்றில் ஒரு பங்கையே 800 சுற்றில் தள்ளும். மின் விசிறி எஞ்சினின் வேகத்தைச் சாராதது என்பதே அதன் சிறப்பு. ஆனால் அதைப் பொருத்துவதில் மூன்று விதிகள் உள.

முதலாவது, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூடு அமைத்தல் வேண்டும். கூடில்லாத விசிறி தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் வீணாகும். இரண்டாவது, ரேடியேட்டரின் பக்கங்களில் உள்ள இடைவெளிகளைத் தகட்டால் அடைத்தல் வேண்டும். இல்லையேல் எஞ்சின் அறையின் சூடான காற்றே சுற்றிச் சுற்றி முன்னே வரும். மூன்றாவது, காற்று வெளியேறும் வழியைக் காணுதல் வேண்டும். டைகர் காரின் படிப்பினை இதுவே. எஞ்சின் அறையிலிருந்து கீழேயோ பக்கவாட்டிலோ காற்று போகாவிடில் எவ்வளவு பெரிய விசிறியும் பயன்படாது.

ஸ்போர்ட்ஸ் கார்களின் பானெட் தாழ்வானது. ஆகவே ரேடியேட்டரின் தலை, புதிய எஞ்சினின் தலையைவிடக் கீழே அமைவது உண்டு. அப்போது நீரில் உள்ள காற்றுக் குமிழ்கள் எஞ்சினின் உச்சியிலேயே தங்கிவிடும். குமிழ் நிற்கும் இடத்தில் நீரில்லை. நீரில்லாத இடத்தில் உலோகம் காயும். இதற்கு மாற்று, நீர் நிரப்பும் தொட்டியை எல்லாவற்றிலும் உயர்ந்த இடத்தில் தனியே அமைத்து, எஞ்சினின் உச்சியிலிருந்து மெல்லிய குழாயால் அதனோடு இணைப்பதாகும்.

4. மூடியும் தெர்மோஸ்டாட்டும்

ரேடியேட்டரின் மூடி வெறும் அடைப்பன்று. அது ஓர் அழுத்தக் கட்டுப்பாடு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகைக்கும், 13 பவுண்டு மூடி ஏறத்தாழ 119 பாகைக்கும் உயர்த்தும். ஆனால் மூடி வெப்பத்தை அகற்றுவதில்லை. கொதிப்பதைத் தள்ளிப் போடுகிறது, அவ்வளவே. பழைய ரேடியேட்டரும் பழைய ரப்பர் குழாய்களும் தாங்கக் கூடியதற்கு மேற்பட்ட அழுத்தமுள்ள மூடியைப் போடுவது புதிய கசிவை வரவழைப்பதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. 100 பாகைக்கு மேல் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்திலும் கைகளிலும் பாயும். எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டரைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின்னரே மூடியைத் தொடுதல் வேண்டும்.

வெயில் நாட்டில் தெர்மோஸ்டாட் வேண்டியதில்லை எனக் கழற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. தில்லியின் ஜனவரிக் காலையில் அவ்வெஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, எரிபொருளை வீணாக்கித் தேயும். அன்றியும், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே துணை வழி ஒன்று மூடப்படும். தெர்மோஸ்டாட் இல்லாவிடில் துணை வழி திறந்தே இருந்து, நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்ச்சிக்காகச் செய்த செயல் சூட்டை வளர்க்கும்.

5. மின் கணக்கு

குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றதே வண்டியின் மின் கணக்கு. மேற்கூறிய கற்பனை வண்டியின் செலவுப் பட்டியல் வருமாறு:

மின் பெட்ரோல் பம்பும் எரியூட்டும் அமைப்பும்: 8 ஆம்பியர்.
ரேடியேட்டரின் இரு மின் விசிறிகள்: 20 ஆம்பியர்.
குளிர்சாதனத்தின் காந்த இணைப்பும் காற்றூதியும்: 14 ஆம்பியர்.
முகப்பு விளக்குகளும் பிற விளக்குகளும்: 14 ஆம்பியர்.
மழைத் துடைப்பான்: 4 ஆம்பியர்.

பகலில் மொத்தம் 42 ஆம்பியர். மழை பெய்யும் இரவில் 60 ஆம்பியர். வரவு என்ன? அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பெரிதும் காணப்பட்ட டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியரே. அதுவும் எஞ்சின் விரைந்து சுழலும்போது மட்டும். வண்டி நின்று எஞ்சின் மெல்லச் சுழலுகையில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தருவதில்லை. அதன் கட்-அவுட் அதை பாட்டரியிலிருந்து துண்டித்துவிடும். ஆகவே கோல் மார்க்கெட்டில் நிற்கும் வண்டியின் 42 ஆம்பியரும் பாட்டரியின் சேமிப்பிலிருந்தே செலவாகின்றன. 40 ஆம்பியர்-மணி கொண்ட புதிய பாட்டரியும் ஒரு மணி நேரத்துக்குள் காலியாகும். பழைய பாட்டரி அரை மணியில் கைவிடும்.

ஆல்டர்னேட்டர் இக்குறையைத் தீர்க்கிறது. டைனமோவில் மின்னோட்டம் முழுவதும் சுழலும் பகுதியில் பிறந்து, கம்யூட்டேட்டர் வழியாகக் கார்பன் பிரஷ்களால் எடுக்கப்படுகிறது. அதனால் அதை மிக விரைவாகச் சுழற்ற இயலாது. ஆல்டர்னேட்டரில் மின்னோட்டம் அசையாத பகுதியில் பிறக்கிறது. சுழலும் பகுதிக்குச் செல்வது காந்தமூட்டும் சில ஆம்பியர் மட்டுமே. ஆகவே சிறு கப்பி பூட்டி எஞ்சினைவிட இருமடங்குக்கும் மேலான வேகத்தில் அதைச் சுழற்றலாம். எஞ்சின் மெல்ல ஓடும்போதும் அது மின்சாரம் தரும். பிறக்கும் மாறுமின்னோட்டத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன.

எனினும், ஆல்டர்னேட்டரின் மேல் பொறித்த எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. அது விரைந்த சுழற்சிக்குரிய அளவு. சூடான நிலையில், எஞ்சின் மெல்ல ஓடும்போது அதில் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும். 60 ஆம்பியர் செலவுள்ள வண்டிக்கு 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதாது. 110 அல்லது 120 ஆம்பியர் வேண்டும். 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்பது 840 வாட். இழப்புகளையும் சேர்த்தால் எஞ்சினிடமிருந்து ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறனை அது வாங்கும். பழைய பெல்ட் தளர்ந்திருந்தால் வழுக்கும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. எம்.ஜி.பி. கார் 1967-இல்தான் ஆல்டர்னேட்டருக்கும் எதிர்முனை இணைப்புக்கும் மாறியது. பழைய முறையிலுள்ள வண்டியில் இக்காலத்து ஆல்டர்னேட்டரை அப்படியே இணைத்தால் டையோடுகள் நொடியில் எரிந்துபோம். முனையை முதலில் மாற்றி, பிற கருவிகள் அதற்கு இசையுமா என்று பார்த்த பின்னரே இணைத்தல் வேண்டும்.

6. கம்பியும் எர்த்தும்

வரவு பெருகினாலும் வழி குறுகியிருந்தால் பயனில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.0175 ஓம். 3 மீட்டர் நீளமும் 1.5 சதுர மில்லிமீட்டர் பரப்பும் உள்ள கம்பி வழியாக விசிறிகளின் 20 ஆம்பியர் சென்றால் 0.7 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 14 வாட் கம்பியையே சூடாக்கும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு 0.26 வோல்ட். எஞ்சின் அறையில் வெப்பநிலை 50 பாகை உயர்ந்தால் செம்பின் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பெரிய மின்னோட்டத்தை ஓட்டுநரின் சுவிட்ச் வரை கொண்டு சென்று திருப்பிக் கொணர்தல் பழைய முறை. ரிலே வைத்தால் சுவிட்ச் வழியாகச் சிறு மின்னோட்டமே செல்லும். பெரிய மின்னோட்டம் குறுகிய தடித்த கம்பியில் நேரே விசிறியை அடையும். ஒவ்வொரு கிளைக்கும் மின்சாரம் புறப்படும் இடத்துக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தல் வேண்டும். ஃபியூஸ் காப்பது கம்பியை. ஆகவே அதன் அளவு கம்பி தாங்கும் அளவுக்கு மிகலாகாது. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

எர்த் கம்பியே பெரிதும் மறக்கப்படுவது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினை இறக்கும்போது கழற்றிய எர்த் பட்டையைத் திரும்பப் பூட்டாவிடில், ஸ்டார்ட்டரின் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் வேறு வழி தேடும். கார்புரேட்டரின் சோக் கம்பியும் ஆக்ஸிலரேட்டர் கம்பியும் அவ்வழியாகிச் செந்நிறமாகக் காய்வதுண்டு. அருகிலேயே பெட்ரோல் குழாய் உள்ளது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே ஒன்று, பாட்டரிக்கும் உடலுக்கும் இடையே ஒன்று என இரு தடித்த பட்டைகள், பெயின்ட் சுரண்டிய தூய உலோகத்தின் மேல் இறுக்கப்படல் வேண்டும்.

7. இரண்டு பழுதா, ஒன்றா?

இப்போது முதற் கேள்விக்கு விடை காணலாம். வண்டி நின்றது, டைனமோ மின்சாரம் தரவில்லை. பாட்டரி மட்டுமே விசிறிகளை ஓட்டியது. பாட்டரியின் மின்னழுத்தம் 13.5 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கியது. மெல்லிய கம்பியிலும் தளர்ந்த எர்த்திலும் மேலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் போயிற்று. விசிறிக்குக் கிட்டியது 11 வோல்ட்டுக்கும் குறைவு. விசிறியின் வேகமும் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எஞ்சின் சூடேறியது. சூடேறியதால் விசிறிகள் நிற்காமல் ஓடின. கம்பிகளின் தடை உயர்ந்தது. பாட்டரி மேலும் இறங்கியது. ஒன்று மற்றொன்றை இழுத்து வீழ்த்தியது. நீராவியைக் கண்டவர் ரேடியேட்டரைக் குறை கூறுவார். சுழலாத ஸ்டார்ட்டரைக் கண்டவர் பாட்டரியைக் குறை கூறுவார். புதிய ரேடியேட்டர் மட்டும் வாங்கினாலும், புதிய பாட்டரி மட்டும் வாங்கினாலும் அடுத்த வாரம் அதே வட்டத்தில் வண்டி நிற்கும். எஞ்சின் மாற்றிய வண்டியில் குளிர்ச்சியும் மின்சாரமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

8. சோதிக்கும் வரிசை

களப் பணியாளர் இத்தகைய வண்டியைப் பின்வரும் வரிசையில் சோதிக்கலாம்.

(1) எஞ்சின் மெல்ல ஓடுகையில் எல்லா விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் இயங்க, பாட்டரியின் முனைகளில் மின்னழுத்தம் அளக்கப்படல் வேண்டும். 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் வரவு போதவில்லை.

(2) அதே நிலையில், ஆல்டர்னேட்டரின் வெளிமுனைக்கும் பாட்டரியின் நேர்முனைக்கும் இடையே வோல்ட் மானியை வைத்தால் 0.3 வோல்ட்டுக்கு மிகாமல் காட்ட வேண்டும். மிகுந்தால் கம்பியோ இணைப்போ குறையுடையது.

(3) எஞ்சின் உலோகத்துக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மிகலாகாது. மிகுந்தால் எர்த் பட்டை பார்க்கப்படல் வேண்டும்.

(4) விசிறியின் முனைகளிலேயே மின்னழுத்தம் அளத்தல் வேண்டும். பாட்டரியில் உள்ளதற்கும் இங்குள்ளதற்கும் உள்ள வேறுபாடே வழியில் இழந்தது.

(5) விசிறி காற்றை எஞ்சினை நோக்கியே செலுத்துகிறதா என்று மெல்லிய தாளால் பார்க்க வேண்டும். முனைகள் மாறி இணைக்கப்பட்ட விசிறி எதிர்த்திசையில் ஊதும்.

(6) இவை யாவும் சரியாயிருந்தும் சூடேறினால்தான் ரேடியேட்டரின் அளவும், நீரோட்டமும், காற்று வெளியேறும் வழியும் ஆராயப்படல் வேண்டும்.

9. வகுப்பறையில்

ஆசிரியர் இரு எளிய சோதனைகளைச் செய்து காட்டலாம். முதலாவது, ஒரே அளவான இரு பித்தளை டம்ளர்களில் 80 பாகை வெந்நீர் நிரப்பி, ஒன்றை அறையின் காற்றிலும் மற்றொன்றைக் குளிர்ந்த நீருள்ள அகன்ற பாத்திரத்திலும் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் செய்யலாம். பின்னர் காற்றில் உள்ளதை விசிறியின் எதிரே வைத்து மீண்டும் குறிக்கலாம். சூழலின் தன்மையும் காற்றின் ஓட்டமும் வெப்பம் இறங்கும் வேகத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பது வரைபடத்தில் தெளிவாகும். நீர் ஆறஆற வரைகோட்டின் சரிவு குறைவதைக் கொண்டு, வெப்பநிலை வேறுபாடு சுருங்கினால் குளிர்ச்சியும் சுருங்கும் என்பதையும் விளக்கலாம்.

இரண்டாவது, 12 வோல்ட் பாட்டரியையும் மோட்டார் விளக்கொன்றையும் முதலில் தடித்த கம்பியாலும், பின்னர் நீண்ட மெல்லிய கம்பியாலும் இணைத்து, விளக்கின் ஒளியையும் முனைகளின் மின்னழுத்தத்தையும் ஒப்பிடலாம். குறைந்த ஒளியே கம்பி விழுங்கிய மின்சாரம் என்பதை மாணவர் கண்ணால் காண்பர்.

10. சட்டம் கூறுவது

எஞ்சின் மாற்றம் பட்டறையோடு முடியும் செய்தியன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. வேறு எரிபொருளுக்கோ பாட்டரிக்கோ மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கருவிகளுக்கு நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தடையை உறுதி செய்தது. ஆகவே எஞ்சினைத் தொடுமுன் பதிவு அதிகாரியின் எழுத்து வடிவ அனுமதி இன்றியமையாதது.

தில்லியில் 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்திவந்த பழங்கார் பேரணி, மூல வடிவம் காத்த வண்டிகளுக்கு மதிப்பை வளர்த்தது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவில் உள்ள வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. உடலமைப்பிலும் எஞ்சினிலும் பெரு மாற்றம் செய்யப்பட்ட வண்டி அத்தகுதியை இழக்கும். மூல எஞ்சினோடு இருக்கும் பழைய வண்டிக்கு நல்ல ரேடியேட்டரும் செம்மையான எர்த்தும் செய்து கொடுப்பதே பல சமயங்களில் அறிவுடைமையாகும்.

பெரிய எஞ்சின் தருவது வேகம் மட்டுமன்று. பெரிய வெப்பமும் பெரிய மின் தேவையும் அதனுடன் வருகின்றன. அவற்றைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். அக்கணக்கை எஞ்சினை இறக்குமுன் செய்தவர், மே மாதப் பிற்பகலில் கோல் மார்க்கெட் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்வார். செய்யாதவர் அவ்வட்டத்தின் ஓரத்தில் பானெட்டைத் திறந்து நின்றுகொண்டு அக்கணக்கைச் செய்ய நேரும்.